பீலியோ மலைக் கிராமங்கள்: சின்னக் குழந்தைகளோடு ஒரு வாரம்

சின்னக் குழந்தைகளோடு கிரேக்கக் கிராமங்களுக்குப் போகிறவர்கள் அதிகம் செய்கிற தவறு, ஏழு நாளில் ஏழு ஊர் என்று பட்டியல் போடுவது. அங்கே கிராமம் என்பது பார்த்துவிட்டுக் கிளம்புகிற இடமில்லை, உட்காருகிற இடம். ஊர் நடுவில் ஒரு சதுக்கம். அதில் பிரம்மாண்டமான ஒரு பிளாத்தனோஸ் மரம். காஷ்மீரில் சினார் என்கிறார்களே, அதே மரம்தான். மரத்தடியில் ஊற்றுத் தண்ணீர் கொட்டுகிற கல்தொட்டி, பக்கத்தில் கோயில், சுற்றிலும் நாலு கடைகளின் நாற்காலிகள். இந்தச் சதுக்கத்தைப் பிளாத்தீயா என்பார்கள். மாலை ஆறரை மணிக்கு மேல் ஊர்க் குழந்தைகள் எல்லாம் அங்கே வந்துவிடும். மூன்று நாள் ஒரே சதுக்கத்துக்குப் போனால் உங்கள் குழந்தை அவர்களோடு பந்து விளையாடும். தினம் ஊர் மாற்றினால் காரின் பின்சீட்டில் அழும்.

இந்த வழிகாட்டி பீலியோவுக்கானது. ஆங்கில வரைபடத்தில் பெலியன் என்று இருக்கும். ஏதென்ஸுக்கும் தெசலோனிக்கிக்கும் நடுவே, வோலோஸ் நகரத்துக்குப் பின்னால் எழுந்து, கொக்கி போலக் கடலுக்குள் வளைகிற மலை. உச்சி 1,624 மீட்டர். தீவுகளை விட்டுவிட்டு இதைச் சொல்வதற்குக் காரணம் எளிது: கப்பல் ஏற வேண்டாம், நிழல் உண்டு, குடிக்க ஊற்றுத் தண்ணீர் உண்டு, மலைக் கிராமத்துக்கும் கடலுக்கும் நடுவே கால் மணி நேரம்தான்.

எங்கே தங்குவது

மலைக்கு இரண்டு முகம். மேற்குப் பக்கம் பகஸிட்டிக் வளைகுடாவைப் பார்த்தது. காலை நேரத்தில் தண்ணீர் குளம் மாதிரி இருக்கும். கிழக்குப் பக்கம் ஏஜியன் கடலுக்கு நேராகத் திறந்தது. காடு அடர்த்தி, கடற்கரைகள் கண்ணைப் பறிக்கும். ஆனால் ஜூலை, ஆகஸ்டில் வடகாற்று எழுந்தால் அலை ஆளைத் தூக்கும். ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் மேற்கில் தங்கி, கிழக்குக்கு ஒரே ஒரு நாள் போய்வருவதுதான் சரி.

மேற்கில் காலா நேரா நல்ல தளம். பெயருக்கே ‘நல்ல தண்ணீர்’ என்று பொருள். வோலோஸிலிருந்து சுமார் 20 கி.மீ. தைல மரங்கள் நிற்கும் சமதளமான கடற்கரை நடைபாதை இருக்கிறது. இந்த மலையில் குழந்தை வண்டியைத் தள்ளக்கூடிய சில இடங்களில் அது ஒன்று. அங்கிருந்து எட்டு கி.மீ. மேலே ஏறினால் மிலியேஸ், இன்னும் மூன்று கி.மீ.யில் விஸித்ஸா. அஃபிஸோஸும் அழகான ஊர்தான், ஆனால் ஊர் முழுக்கச் சரிவு. ஆகஸ்டில் கார் நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும்.

குளிர்ச்சியான மலைக்காற்றில் தூங்க வேண்டும், கடல் இரண்டாம்பட்சம் என்றால் மிலியேஸிலோ விஸித்ஸாவிலோ வீடு எடுக்கலாம். எல்லோரும் படம் போடுகிற மக்ரினித்ஸா சாயங்காலம் ஒன்றுக்குப் போதும். கார் ஊர் வாசலோடு நின்றுவிடும். அதற்கு மேல் கல்பாதையில் நடைதான். பெட்டி, தூங்குகிற குழந்தை, பால் பாட்டில் பை எல்லாவற்றையும் சுமந்து இரவில் அந்தப் பாதையில் இறங்கினால் அழகு கண்ணில் படாது.

எப்போது

மே கடைசி வாரம் முதல் ஜூன் முடிய, இல்லாவிட்டால் செப்டம்பர் முதல் பாதி. மே இறுதியில் கடல் இன்னும் குளிரும், சின்னதுகள் ஐந்து நிமிடத்தில் உதடு நீலம் பாய்ந்து வெளியே வந்துவிடும். ஜூன் நடுவிலிருந்து பரவாயில்லை. ஆகஸ்ட் 15 மாதா திருநாள். அதற்கு முன்னும் பின்னுமான வாரங்களில் கிரேக்கர்கள் எல்லோரும் சொந்த ஊருக்கு வந்துவிடுவார்கள். அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை கைக்கு எட்டாது. ஈஸ்டர் சமயம் ஊர் பார்க்கக் கொண்டாட்டமாக இருக்கும், ஆனால் சனிக்கிழமை நள்ளிரவில் வெடி வெடிப்பார்கள். சத்தத்துக்குப் பயப்படுகிற குழந்தைக்கு ஆகாது. அவர்கள் ஈஸ்டர் மேற்கத்திய தேதியில் வராமலும் போகும். 2027-ல் மே 2.

பீலியோ மழை மலை. ஜூனில் போனாலும் ஆளுக்கொரு மழைக்கோட்டு, குழந்தைக்கு ஒரு ஸ்வெட்டர் கட்டாயம். கடற்கரையில் 33 டிகிரி இருக்கிற நாளில் மலையூர்ச் சதுக்கத்தில் இரவு ஒன்பது மணிக்குக் கை சில்லிடும்.

வந்து சேர்வது

இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ, 6 வயது நிறைந்து 12 நிறையாத குழந்தைக்கு 45, ஆறு நிறையாதவர்களுக்கு இல்லை. பயணக் காப்பீடு ஆளுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கு. பெற்றோரில் ஒருவர் மட்டும் கூட்டிப்போனால் மற்றவரின் ஒப்புதல் கடிதம், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் இரண்டையும் விண்ணப்பத்தோடு மட்டுமல்ல, கைப்பையிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏதென்ஸ் விமான நிலையத்திலிருந்து காலா நேரா ஏறக்குறைய 350 கி.மீ., நிற்காமல் ஓட்டினால் நாலு மணி நேரம். குழந்தையோடு ஆறு என்று வையுங்கள். இரவு விமானத்தில் இறங்கி அப்படியே கிளம்ப வேண்டாம். விமான நிலையத்துப் பக்கம் ஓர் இரவு தூங்கிவிட்டுக் காலையில் புறப்படலாம். பாதி வழி தாண்டி, லாமியாவுக்குச் சற்று முன்னால், தெர்மோபிலே வரும். பழங்காலப் போர்க்களம்; அங்கே போரிட்ட ஸ்பார்த்தா அரசன் லியோனிடஸின் சிலை பழைய சாலையை ஒட்டியே நிற்கிறது. குழந்தைகள் ஓடியாட இடமும், கொஞ்ச தூரத்தில் முட்டை நாற்றமடிக்கும் வெந்நீர் ஓடையும் உண்டு. மதிய நிறுத்தத்துக்கு வாகான இடம்.

கார் இல்லாமல் இந்த மலையில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு திரிய முடியாது. பஸ் இருக்கிறது, ஆனால் நாளைக்குச் சில நடைதான். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். வாடகைக் கார்கள் பெரும்பாலும் கியர் மாற்றுகிறவை. ஆட்டோமேட்டிக் வேண்டுமானால் மாதங்களுக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். சின்ன வண்டியாக எடுங்கள். ஏழு பேர் வண்டி எடுத்தவர்கள் விஸித்ஸா போகும் வளைவில் எதிரே பஸ் வரும்போது வருந்துவார்கள். 135 செ.மீ.க்குக் குறைவான குழந்தைக்கு அதற்கான இருக்கை சட்டப்படி கட்டாயம். வண்டி வாங்கும் இடத்திலேயே இருக்கையைப் பொருத்தி, குழந்தையை உட்காரவைத்து, வார் பூட்டுகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

மலைச்சாலையில் கைபேசி வரைபடத்தை முழுக்க நம்ப வேண்டாம். ஊருக்குள் குறுக்குவழி என்று அது காட்டுவது பல சமயம் கழுதைக்குப் போட்ட கல்பாதையாக இருக்கும்; உள்ளே போய்விட்டால் பின்னால் எடுக்கத்தான் முடியும். ஊர் வாசலில் மற்ற வண்டிகள் நிற்கும் இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். பெட்ரோலை வோலோஸில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

வாந்தி எடுக்கிற குழந்தைக்குக் கிழக்குச் சரிவுதான் சோதனை. வோலோஸிலிருந்து கிழக்குப் பக்கத்து ஊரான ஸகரடாவுக்கு இரண்டு வழி. ஹானியா கணவாய் ஏறி இறங்குவது ஒன்று, மிலியேஸ் பக்கமாகச் சுற்றுவது இன்னொன்று. மிலியேஸ் வழியில் உயரம் அவ்வளவு ஏறாது. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே பாலை நிறுத்திவிட்டு, உலர்ந்த ரொட்டி ஏதாவது கொடுங்கள். கைபேசியில் படம் பார்க்க விடாதீர்கள். ஜன்னலை இரண்டு விரல் அளவு இறக்கிவிட்டு, இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் நிறுத்துங்கள்.

வீட்டை விசாரிப்பது

அர்ஹோந்திகோ என்று எழுதியிருந்தால் அது பழைய செல்வந்தர் மாளிகை. கீழே கனத்த கல்சுவர், மேலே வெளியே துருத்திக்கொண்டிருக்கும் மர அறைகள், கூரையில் பலகைக்கல். 1975 முதல் கிரேக்கச் சுற்றுலா அமைப்பு பாரம்பரியக் குடியிருப்புகளைச் சீரமைத்து விருந்தினர் இல்லங்களாக்கியது. விஸித்ஸாவும் மக்ரினித்ஸாவும் அந்தத் திட்டத்தில் இருந்தவை. படத்தில் பார்த்தால் ஆசை வரும். ஆனால் உள்படிக்கட்டு ஏணி மாதிரி செங்குத்து. ஜன்னல் திண்டு குழந்தையின் இடுப்பு உயரத்தில் இருக்கும், அதன் மேலேயே மெத்தை போட்டு உட்காரும் இடமாக்கியிருப்பார்கள். மரத்தரையில் குழந்தை ஓடினால் கீழ் அறைக்காரருக்கு இடி.

ஆகவே பதிவு செய்யும் முன் வீட்டுக்காரரைக் கேளுங்கள்: கார் நிற்கும் இடத்திலிருந்து வாசலுக்கு எத்தனை படி? அறை கீழ்த்தளமா? ஜன்னலில் கொசுவலை உண்டா? தொட்டில் உண்டா? தொட்டிலுக்குப் பார்கோக்ரேவதோ என்று கேட்டால் மடக்குக் கட்டில் வரும். சமையலறை உண்டா என்பதற்கு ‘உண்டு’ என்று பதில் வந்தால், எத்தனை அடுப்பு என்றும் கேளுங்கள். கெட்டிலும் காப்பிப் பாத்திரமும் மட்டும் இருந்தாலும் சமையலறை என்பார்கள்.

அறை வாடகைக்கு மேல், இரவுக்கு இவ்வளவு என்று ஓர் அரசுக் கட்டணம் உண்டு. தங்குமிடத்தின் வகையையும் பருவத்தையும் பொறுத்துக் கோடையில் ஓர் அறைக்கு 2 முதல் 15 யூரோ வரை. அதைப் பெரும்பாலும் அங்கே போனபிறகுதான் வாங்குவார்கள்.

போனவுடன் கழிப்பறையில் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது: காகிதம் தொட்டிக்குள் இல்லை, பக்கத்துக் கூடைக்குள். குழாய்கள் குறுகல், நனைந்த துடைப்பான் ஒன்று போதும் அடைக்க. வெந்நீருக்கு மின்பலகையில் தெர்மோசீஃபோனோ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். இருபது நிமிடம் முன்பே போட்டு, குளித்ததும் அணைத்துவிட வேண்டும். சூரியக் கொதிகலன் உள்ள வீடுகளில் மத்தியானத்துக்கு மேல் குழாயில் வருவது கையைச் சுடும். குழந்தையை நிறுத்துவதற்கு முன் உங்கள் மணிக்கட்டை நீட்டிப் பாருங்கள்.

குழந்தையின் கடிகாரம்

இந்தப் பயணம் நன்றாக அமைவதும் கெடுவதும் இதில்தான். கிராமத்தில் மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு. அதற்குப் பின் ஊரே கதவடைத்துத் தூங்கும். கோடையில் பிற்பகல் 3 முதல் 5.30 வரையும், இரவு 11 முதல் காலை 7 வரையும் சத்தம் போடக்கூடாது என்பது சட்டமே. மூன்றரை மணிக்குச் சதுக்கத்தில் பந்தடித்தால் மேல்மாடி ஜன்னல் திறக்கும். இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு. பத்து மணிக்கு இரண்டு வயதுக் குழந்தை நாற்காலிகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருப்பது அங்கே யாருக்கும் விசேஷமில்லை.

கோடையில் இந்திய நேரம் கிரேக்க நேரத்துக்கு இரண்டரை மணி முந்தி. ஊரில் இரவு ஒன்பதுக்குத் தூங்குகிற குழந்தைக்கு அங்கே மாலை ஆறரைக்குக் கண் சொக்கும், விடிகாலை மூன்றரை, நாலுக்கு விழிப்பு வரும். அதாவது சதுக்கம் விழிக்கிற நேரத்தில் உங்கள் குழந்தை தூங்கும். முதல் நாள் எட்டு மணி வரைக்கும் இழுத்துப் பிடியுங்கள். பிறகு நாளுக்கு முக்கால் மணி தள்ளுங்கள். மதியத் தூக்கத்தை மூன்று மணிக்கு வைத்து ஐந்தரைக்கு எழுப்பிவிட்டால் நாலாம் நாள் ஊரின் கடிகாரத்துக்கு வந்துவிடும். பகல் 12 முதல் 4 வரை வெயிலில் இருக்கக்கூடாது என்கிற பிரச்சினையும் இதிலேயே தீர்ந்துவிடுகிறது. காலை எட்டு முதல் பதினொன்றரை வரை கடல் அல்லது நடை, ஒரு மணிக்குச் சாப்பாடு, தூக்கம், ஆறரைக்கு மேல் சதுக்கம். இதற்கு மேல் ஒரு நாளில் எதையும் திணிக்க வேண்டாம்.

சதுக்கத்தில் எங்கே உட்காருவது என்பதும் முக்கியம். மலையூர்ச் சதுக்கங்களில் ஒரு பக்கம் பள்ளத்தைப் பார்த்துத் திறந்திருக்கும். மக்ரினித்ஸாவில் அந்தக் கைப்பிடிச்சுவர் ஓரத்துக்குத்தான் எல்லோரும் போட்டி போடுவார்கள். உங்களுக்கு வேண்டியது மரத்துக்கும் கோயிலுக்கும் நடுவே உள்ள மேசை. குழந்தையைக் கண்ணாலேயே மேய்க்கலாம்.

வழியில் போகும் பாட்டிகள் கன்னத்தைக் கிள்ளுவார்கள், கேட்காமலே மிட்டாய் கொடுப்பார்கள். குழந்தையைப் புகழ்ந்த கையோடு ‘ஃப்து, ஃப்து’ என்று துப்புகிற மாதிரி செய்தால் பதற வேண்டாம். கண்ணேறு படக்கூடாதென்று கழிக்கிறார்கள். நம் வீட்டுப் பாட்டிகளும் செய்வதுதான்.

சாப்பாடு

தவேர்னா என்கிற ஊர்ச் சாப்பாட்டுக்கடைக்கு ஒரு மணிக்கே போங்கள். ஊர்க்காரர்கள் வருமுன் சமையல்காரருக்கு நேரம் இருக்கும். மயிரெஃப்தா என்ன இருக்கிறது என்று கேளுங்கள்: காலையிலேயே சட்டியிலும் தட்டிலும் சமைத்து வைத்த பண்டங்கள். காத்திருக்க வேண்டாம், மெத்தென்று இருக்கும், சூடும் ஆறியிருக்கும். அவர்களுக்கு அப்படி வெதுவெதுப்பாகச் சாப்பிடுவதுதான் வழக்கம். இரவில் பெரும்பாலும் சுட்ட கறிதான், அதுவும் நேரமாகும். மதியம் நன்றாகச் சாப்பிடவைத்து, இரவுக்குத் தயிரும் ரொட்டியும் என்று வைத்துக்கொண்டால் சண்டை குறையும்.

கெஃப்தேதெஸ் என்கிற கறி உருண்டை, பாஸ்தித்ஸியோ என்கிற மக்ரோனி அடுக்கு, எலுமிச்சையும் முட்டையும் கலந்த கோழி சூப், உருளைக்கிழங்கு வறுவல் இவை குழந்தைகள் மறுக்காதவை. பாதி அளவு வேண்டுமானால் ‘மிஸி மெரிதா’ என்று சொல்லுங்கள். மலையின் பெயர்போன பண்டம் ஸ்பெட்ஸோஃபாய், குடைமிளகாயோடு வெந்த தொத்திறைச்சி. சில வீட்டில் காரம் தூக்கலாக இருக்கும், முதலில் நீங்கள் ருசி பாருங்கள். கேட்காமலே வைக்கிற ரொட்டிக்குப் பெரும்பாலும் ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கில் வரும். கடைசியில் வருகிற பழமோ இனிப்போ கடைக்காரர் உபசாரம், மறுக்காதீர்கள்.

சைவக்காரர்களுக்கு இந்த ஊர் நினைப்பதைவிட நல்லது. ‘லாதெரா’ என்றால் எண்ணெயில் மெதுவாக வெந்த காய்: பீன்ஸ், வெண்டை, கத்தரி. யீகந்தெஸ் என்கிற பெரிய வெள்ளை மொச்சை தக்காளிக் குழம்போடு அடுப்பில் வெந்தது. நம் நாக்குக்கு உடனே பிடிக்கும். தக்காளியும் குடைமிளகாயும் அரிசி அடைத்து வேகவைத்த யெமிஸ்தாவில் கொத்துக்கறி சேர்ப்பதும் உண்டு, சேர்க்காததும் உண்டு. கறி சேராததற்கு ‘ஓர்ஃபனா’ என்று பெயர், அதாவது அநாதை! பொதுவாக ‘ஹோரிஸ் கிரேயாஸ்’, கறி இல்லாமல், என்று சொல்ல வேண்டும். ‘நிஸ்தீசிமோ’ என்று எழுதியிருந்தால் நோன்புச் சாப்பாடு; கறி, பால், முட்டை இராது. ஆனால் அவர்கள் நோன்பில் கணவாயும் இறாலும் தடையில்லை, அதையும் கேட்டுவிடுங்கள். எலுமிச்சைச் சாறு விட்ட சூப்பில் பெரும்பாலும் கோழி ரசம்தான் அடிப்படை.

வீட்டில் அடுப்பு இருந்தால் தயிர்சாதத்துக்கு அங்கேயே எல்லாம் கிடைக்கும். அரிசியில் ‘நிஹாக்கி’ நீளமானது, பொலபொலவென்று வரும். ‘கிளாஸே’ உருண்டை அரிசி, குழைவது. குழந்தைக்குக் கிளாஸே எடுங்கள். ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் விட்டு மூடி, சின்னத் தீயில் 25 நிமிடம். தயிரில் ‘ஸ்ட்ராகிஸ்தோ’ வடிகட்டியது, சீஸ் மாதிரி கெட்டி. அதை அப்படியே போட்டால் தொண்டையில் ஒட்டும். ஒரு கிண்ணம் சாதத்துக்கு இரண்டு மேசைக்கரண்டி தயிர், அரைக் கிண்ணம் காய்ச்சி ஆறின பால். மண்சட்டியில் மேலே ஆடை கட்டி விற்பது ஆட்டுத் தயிர். மணம் வேறு, எல்லாக் குழந்தையும் தொடாது. பசுந்தயிருக்கு ‘அயெலாதாஸ்’ என்று அட்டையில் பாருங்கள். தாளிக்கக் கடுகு மட்டும் ஊரிலிருந்து ஒரு பொட்டலம் கொண்டுபோகலாம்.

தயிரில் தேன் விட்டுத் தருவார்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. கரண்டி இனிப்பு என்று பாகில் ஊறின முழுக் கொட்டைகளும் பழங்களும் வரும். நாலு வயதுக்குக் கீழே பாகை மட்டும் தொட்டுக் கொடுங்கள். ஆலிவில் கொட்டை இருக்கும்.

ஆகஸ்ட் பாதியிலிருந்து சாப்பாட்டு மேசைக்குக் குளவி வரும். கையை வீசினால் கொட்டும். கடைக்காரரிடம் காப்பித்தூள் கேளுங்கள்: சாம்பல் கிண்ணத்தில் ஒரு கரண்டி தூளைக் குவித்து, உச்சியில் தீக்குச்சியால் பற்றவைத்தால் சாம்பிராணி மாதிரி நின்று புகையும், குளவி ஒதுங்கும். அதைக் காற்று வரும் திசையில், குழந்தையின் கை எட்டாமல் வையுங்கள். பழச்சாற்றை டப்பாவோடு கொடுக்காமல் கண்ணாடித் தம்ளரில் ஊற்றிக் கொடுங்கள். டப்பாவுக்குள் நுழைந்த குளவி உதட்டில்தான் கொட்டும்.

ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட் பொதுவாக மூடியிருக்கும். டயப்பர், பால்பொடி, குழந்தை உணவு எல்லாம் வோலோஸிலேயே சனிக்கிழமைக்குள் வாங்கிவிட வேண்டும். கிராமக் கடையில் உங்கள் அளவு டயப்பர் இருக்காது.

ஒரு சொல் எச்சரிக்கை: ‘நே’ என்றால் ஆமாம். ‘ஓஹி’ என்றால் இல்லை. தலையை மேலே வெட்டி ‘த்ச்’ என்று உச்சுக்கொட்டினாலும் இல்லை என்றே பொருள். அது நமக்குப் பழகினதுதான். நம் பக்கவாட்டுத் தலையாட்டல் மட்டும் அவர்களுக்குப் புரியாது.

கல்பாதையும் ரயிலும்

ஊர்களை இணைக்கிற பழைய பாதைக்குக் கல்தெரீமி என்று பெயர். மலைக்கல்லைப் பதித்து, சில அடிக்கு ஒரு வரிசைக் கல்லைக் குறுக்கே தூக்கி நட்டிருப்பார்கள், பாரம் ஏற்றின கழுதையின் குளம்பு வழுக்காமல் இருக்க. அந்தத் தூக்கலில்தான் குழந்தை வண்டியின் சக்கரம் மாட்டும். நூற்றாண்டுகள் தேய்ந்த கல் மழையில் சோப்பு மாதிரி. காய்ந்த இலை கிடந்தாலும் அப்படியே. தூளி மாதிரி முதுகிலோ மார்பிலோ குழந்தையைக் கட்டிக்கொள்கிற சுமைப்பை ஒன்று வேண்டும். நடக்கிற குழந்தைக்கு ரப்பர் அடி உள்ள, கணுக்காலைப் பிடிக்கிற காலணி. ரப்பர்ச் செருப்பு வேண்டாம்.

முதல் நடைக்கு, வோலோஸுக்கு மேலே உள்ள போர்த்தாரியா கிராமத்தில் ‘செந்தார்களின் பாதை’. ஓடையை ஒட்டி, மரப்பாலங்களைத் தாண்டிச் சுற்றிவருகிற சின்னப் பாதை, பெரியவருக்கு அரைமணி, குழந்தையோடு ஒன்றரை. பாதி மனிதன் பாதி குதிரையான செந்தார்கள் இந்த மலையில்தான் வாழ்ந்தார்களாம். கிரேக்கக் காப்பிய வீரன் அக்கிலீஸுக்குப் பாடம் சொன்ன செந்தார் கைரோனும் இங்கேதான். கதையை முதல் நாள் இரவே சொல்லிவைத்தால் மறுநாள் ஒவ்வொரு பாறைக்குப் பின்னாலும் குளம்புச் சுவடு தேடிக்கொண்டே நடந்துவிடுவார்கள்.

மிலியேஸ் ரயில் குழந்தைகளுக்கென்றே செய்தது போல இருக்கும். தண்டவாள அகலம் வெறும் 60 செ.மீ. வோலோஸிலிருந்து லெஹோனியா வரை 1895-ல் போட்டு, 1903-ல் மிலியேஸ் வரை நீட்டினார்கள். கட்டிய பொறியாளர் எவரிஸ்தோ தெ கிரிகோ; ஓவியர் ஜார்ஜோ தெ கிரிகோவின் அப்பா. 1971-ல் நின்று, 1996-ல் அனோ லெஹோனியாவிலிருந்து சுற்றுலா ரயிலாகத் திரும்ப ஓடத் தொடங்கியது. ஊர்க்காரர்கள் அதை ‘முட்ஸூரிஸ்’ என்பார்கள், கரிமூஞ்சி. மிலியேஸுக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் இரும்புப் பாலம்: பாலம் நேராக இருக்கிறது, அதன் மேல் தண்டவாளம் மட்டும் வளைந்து போகிறது. பெரிய பிள்ளைகளிடம் ‘எப்படி?’ என்று கேட்டுப் பாருங்கள். மிலியேஸில் எஞ்சினை வட்ட மேடையில் ஏற்றிக் கையால் தள்ளித் திருப்புவார்கள். இறங்கினதும் ஊருக்கு ஓடாமல் அதைப் பார்க்க நில்லுங்கள். ரயிலடியிலிருந்து சதுக்கத்துக்குக் கால் மணி ஏற்றம். இந்த ரயில் எல்லா நாளும் ஓடாது. பழுதுக்காக நீண்ட காலம் நிறுத்திவைப்பதும் உண்டு. குழந்தையிடம் வாக்குக் கொடுப்பதற்கு முன் நாள், நேரம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

மழை நாளுக்கு இரண்டு இடம். வோலோஸில் 1926-ல் தொடங்கிய சலபாத்தாஸ் செங்கல் ஆலை இப்போது அருங்காட்சியகம். இயந்திரங்கள், சூளை எல்லாம் அப்படியே இருக்கின்றன. வோலோஸை ஒட்டிய அனக்காஸியாவில் கொந்தோஸ் வீடு: நாட்டுப்புற ஓவியர் தியோஃபிலோஸ் 1912-ல் மேல்தளச் சுவர் முழுக்கத் தெய்வங்களையும் வீரர்களையும் வரைந்தது. ஒரே அறையில் அத்தனை குதிரை, வாள், சிங்கம். மூன்று வயதுக்கும் அலுக்காது.

கடலும் காட்டுப் பூச்சியும்

கரை பெரும்பாலும் கூழாங்கல். எல்லோருக்கும் நீரில் போடுகிற காலணி வாங்குங்கள்; பாறை ஓரங்களில் கடல் முள்ளெலி ஒட்டியிருக்கும், முள் குத்தினால் ஒடிந்து உள்ளே நின்றுவிடும். ஆலிவ் எண்ணெய் தடவி ஊறவைத்து, சின்னச் சாமணத்தால் நேராக இழுக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் மறுபடி ஒடியும். ஜெல்லி மீன் பட்டால் கடல் தண்ணீராலேயே கழுவுங்கள். நல்ல தண்ணீர் விட்டால் எரிச்சல் கூடும், தேய்க்கவும் கூடாது.

கிழக்குக் கரைக்குப் போகிற ஒரு நாளில், பாப்பா நேரோ அல்லது ஆயியோஸ் யானிஸைத் தேர்ந்தெடுங்கள். மிலோபோத்தமோஸ் வெள்ளைக் கல்லும் பாறை வளைவுமாகச் சொக்கவைக்கும். ஆனால் நிறையப் படி. இறங்கும்போது தெரியாது, மத்தியான வெயிலில் குழந்தையைத் தூக்கி ஏறும்போது தெரியும்.

காய்ந்த கல்சுவரின் இடுக்கில் கையை விடக்கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்; மூக்கில் கொம்பு வைத்த விரியன் வெயில் காய்வது அங்கேதான். மந்தைக் காவல் நாய் குரைத்து வந்தால் ஓடாமல் நின்று, குழந்தையைத் தூக்கிக்கொண்டு மெல்லப் பின்வாங்குங்கள். சதுக்கத்துப் பூனைகள் சாது, ஆனாலும் சாப்பாட்டுத் தட்டோடு தரையில் குழந்தையை உட்காரவைத்தால் நகம் படும்.

அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 166. மலையில் ஸகோராவிலும் அர்கலஸ்தியிலும் சுகாதார மையம் இருக்கிறது. பெரிய மருத்துவமனை வோலோஸில், பெயர் அஹிலோபூலியோ. தங்குமிடத்திலிருந்து அங்கே போக எவ்வளவு நேரம் என்று முதல் நாளே பார்த்துவையுங்கள். மருந்துக்கடைக்குப் பச்சைச் சிலுவை அடையாளம். வார இறுதியில் முறைவைத்துத் திறப்பார்கள், எந்தக் கடை என்று மூடின கதவில் ஒட்டியிருக்கும். பாராசிட்டமாலை அங்கே தெபோன் என்று கேட்டால் தெரியும். குழந்தைக்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்து, அளவு ஊசிக்குழல், உப்புச்சர்க்கரைப் பொட்டலம் ஐந்தாறு, கையோடு போகட்டும்.

கைபேசி திடீரென்று அலறி 112-லிருந்து செய்தி வந்தால் அது காட்டுத்தீயோ கனமழையோ. வீட்டுக்காரரிடம் காட்டுங்கள், அவர் சொல்வதைச் செய்யுங்கள். 2023 செப்டம்பரில் டேனியல் புயல் இந்த மலையின் சாலைகளையும் பாலங்களையும் பிய்த்தெறிந்தது. மழை எச்சரிக்கை நாளில் வறண்டு கிடக்கிற ஓடைப்படுகையில்கூடக் காரை நிறுத்த வேண்டாம்.

திரும்புகிற நாளுக்கு முந்தின இரவே மலையிலிருந்து இறங்கிவிடுங்கள். வோலோஸ் கடற்கரையோரம் அறை, பக்கத்திலேயே கிரேக்கப் புராணத்து ஆர்கோ கப்பலின் மாதிரி நிற்கிறது, நடைபாதை அகலம், குழந்தை வண்டி மறுபடி உருளும். ஏதென்ஸில் மாலை விமானமென்றால் காலை எட்டுக்குள் கிளம்புங்கள். தெர்மோபிலேயில் அரைமணி, சுங்கச்சாவடிகளுக்குச் சில்லறை, கடைசி பெட்ரோல் நிரப்பல் எல்லாம் அதற்குள் அடங்கும்.